சிக்கலான மூச்சுப்பாதை: கொங்கு நாட்டு மயக்க மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான பயிற்சி வழிகாட்டி

காலையில் ஈரோட்டில் இரண்டு கேஸ், மதியம் பவானியில் ஒரு சிசேரியன், சாயங்காலம் பெருந்துறையில் ஒரு எலும்பு முறிவு, ராத்திரி பதினொன்றுக்கு கோபியிலிருந்து போன். நம்மில் பலருடைய நாள் இப்படித்தான் போகிறது. ஒவ்வொரு தியேட்டரிலும் வேறு மெஷின், வேறு சிஸ்டர், வேறு டிராலி. எம்.டி.யோ டி.என்.பி.யோ படிக்கும் வரை பக்கத்தில் சீனியர் நின்றார், குரல் கொடுத்தால் இன்னொருவர் ஓடி வந்தார். வெளியே வந்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போகவில்லை என்றால் அந்த அறையில் மூச்சுப்பாதை தெரிந்த ஆள் நாம் ஒருவர்தான். அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பாடம் சொன்ன கேஸ் ஒரு அப்பெண்டிக்ஸ். படிப்பு முடித்த இரண்டாவது வருடம், ஒரு சின்ன ஊர் நர்சிங் ஹோம். நோயாளி விசைத்தறித் தொழிலாளி, நாற்பது வயது இருக்கும். முதுகில் ஊசி போட்டு மரக்க வைக்கும் ஸ்பைனல்தானே என்று வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. அப்பெண்டிக்ஸ் குடலுக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தது. நேரம் இழுத்தது, ஸ்பைனல் இறங்கியது, அவர் நெளிய ஆரம்பித்தார். மயக்கமும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துவிட்டு குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை எடுத்தால் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. வருடக்கணக்கில் பாக்கு மென்ற வாய். ஒரு முறை, இரண்டு முறை, நான்கு முறை முயன்றேன். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சேச்சுரேஷன் அறுபதுகளுக்கு இறங்கியது. என் இடப்பக்கம் நின்ற சிஸ்டர் வயதில் மூத்தவர். குரல்வளையின் மேல் உட்காரும் மூச்சுக் கருவியான ஐ-ஜெல்லை உறை பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கடைசியில், "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர், இதை ஒருக்கா வெச்சுப் பாருங்களே" என்றார். வைத்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது, வெளிமூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கேப்னோவில் அலை வந்தது. ஐந்தாம் நாள் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

டியூப் போடும் கை எனக்கு அன்றே இருந்தது. எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் "நிறுத்துங்க" என்று சொல்ல நான் வழியும் வைத்திருக்கவில்லை. பயிற்சி என்று கீழே சொல்வதில் பாதி இந்த இரண்டைப் பழகுவதுதான்.

முதல் படி: உங்கள் கணக்கை எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடந்த 12 மாதங்களில் டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சியான பூஜி வைத்து எத்தனை டியூப், வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் எத்தனை, விழித்திருக்கும் நோயாளிக்கு ஃபைபர் ஸ்கோப் வழியாக எத்தனை, கழுத்தைத் திறந்து அதன் வழியாக எத்தனை என்று நேர்மையாக எழுதுங்கள். டியூப் போடும் சாதாரண இன்டுபேஷனிலேயே பத்துக்கு ஒன்பது வெற்றி என்ற நிலைக்கு வர ஒரு புதியவருக்குச் சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன என்று 1998ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தினமும் செய்கிற வேலைக்கே அவ்வளவு. பெரும்பாலோருடைய நோட்டில் விழித்திருக்கும்போது செய்தது இரண்டோ மூன்றோ, கழுத்து வழி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் பயிற்சி தொடங்க வேண்டும்.

கோவையில் நடக்கும் ஒரு நாள், இரண்டு நாள் பயிலரங்குகளுக்குக் கட்டாயம் போங்கள். ஸ்கோப்பும் பொம்மையும் சொல்லிக்கொடுக்க ஆளும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய வாய்ப்பு. ஆனால் அங்கே கற்றது சில மாதங்களில் கையை விட்டுப் போய்விடும். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம், நீங்கள் வேலை பார்க்கும் தியேட்டரிலேயே, உங்களோடு நிற்பவர்களை வைத்துக்கொண்டு பழகினால்தான் நிற்கும். எந்த மாதம் எதைப் பழகினீர்கள் என்பதையும் அதே நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

இரண்டாம் படி: கண்ணையும் விரலையும் பழக்குவது

வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் மல்லம்பட்டி வகைப்பாடு நமக்கெல்லாம் மனப்பாடம். ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் வேலை பார்த்த சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985ல் வெளியிட்டது. நோயாளியை உட்கார வைத்து, வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும். "ஆ" சொல்லச் சொல்லக் கூடாது, அண்ணம் தூக்கிக்கொண்டு வகுப்பு ஒன்று குறைந்து தெரியும். அது தனியாக எதையும் உறுதி சொல்லாது. கூடவே அவருடைய மூன்று விரல் அவர் வாய்க்குள் நெட்டுக்குப் போகிறதா, முகவாய்க்கும் தைராய்டு குருத்தெலும்பின் மேட்டுக்கும் நடுவே 6.5 செ.மீ. இருக்கிறதா, கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா, கழுத்து பின்னால் சாய்கிறதா என்று பாருங்கள். மாஸ்க் பிடிப்பது கஷ்டமாகுமா என்பதற்குத் தனிக் கணக்கு: தாடி, பல் இல்லாத வாய், குறட்டை, பருமன், 55 தாண்டிய வயது.

நான் ஒவ்வொரு நோயாளியிடமும் நான்கு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். மாஸ்க்கில் காற்று போகுமா, ஐ-ஜெல் உட்காருமா, டியூப் போகுமா, மூன்றும் கைவிட்டால் கழுத்தில் சவ்வு கையில் தட்டுப்படுகிறதா. நான்காவது கேள்விதான் பலரும் விட்டுவிடுவது. தைராய்டு குருத்தெலும்புக்கும் அதன் கீழே மோதிரம் போல இருக்கும் கிரிகாய்டுக்கும் நடுவே சுட்டுவிரல் நுனி அமிழும் பள்ளம்தான் அந்தச் சவ்வு இருக்கும் இடம். நெட்டில் ஒரு சென்டிமீட்டர்தான். தினமும் ஐந்து பேர் கழுத்தையாவது தொட்டுப் பாருங்கள், சிசேரியனுக்கு வந்த பெண்ணின் கழுத்தையும் சேர்த்து. பெண்களில் மேடு அவ்வளவாகத் தெரியாது, கீழே மார்பெலும்புக் குழியிலிருந்து மேலே தடவி வந்தால் கிரிகாய்டு தட்டும். ஒரு மாதத்தில் உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஸ்பைனல் கேஸிலும் இதே பார்வை பார்க்க வேண்டும். ஏன் என்று என் அப்பெண்டிக்ஸ் கதை சொல்லும்.

நம் பக்கத்தில் எந்த மாதிரி மூச்சுப்பாதைகள் வருகின்றன என்பதைத் தெரிந்து வைத்திருப்பது புத்தகப் பட்டியலைவிட உதவும்.

பாக்கு வாய் முதலிடம். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013லேயே தடை வந்தது. ஆனாலும் பின்னலாடை, விசைத்தறி, செங்கல் சூளை என்று எங்கும் அந்த வாய்கள் வருகின்றன. பாக்கில் உள்ள அரிகோலின் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைக் குவிக்கிறது. கன்னத்தின் உட்பக்கம் வெளிறியிருக்கும், விரலால் தடவினால் கயிறு போல நரநரவென்று தட்டும். இங்கே ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். வலியாலும் தசை இறுக்கத்தாலும் திறக்காத வாய் மயக்கத்தில் இளகலாம். நார்ப்பட்டையால் திறக்காத வாய் எந்த மருந்துக்கும் இளகாது. விழித்திருக்கும்போது இரண்டு விரல் என்றால் மயக்கத்திலும் இரண்டு விரல்தான்.

நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளை வணக்கம் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையும் ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரிந்தால் மூட்டுகள் இறுகியிருக்கின்றன, கழுத்தின் மேல்மூட்டும் அப்படியே இருக்கலாம். சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விட்டு, தாடைக்கு அடியில் பலகை போல வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து வருபவரும் பலசமயம் சர்க்கரைக்காரராகவே இருப்பார். அவரைப் படுக்க வைப்பதே ஆபத்து. பொள்ளாச்சிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவர் கழுத்துப் பட்டையோடு வருவார். பட்டையின் முன்பாதியைக் கழற்றி, தலையை ஒருவர் அசையாமல் பிடிக்க, பூஜியோ வீடியோ பிளேடோ வைத்துப் போட வேண்டும். சேலம்–கோவை நெடுஞ்சாலை 544ல் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து முகம் உடைந்து வருபவர்கள், தீக்காயம் ஆறி முகவாய் நெஞ்சோடு ஒட்டிய பெண்கள், பெரிய தைராய்டு. இவர்கள் யாருக்கும் தனியாக, ராத்திரியில், ஸ்கோப் இல்லாத இடத்தில் மயக்கம் தொடங்கக் கூடாது. தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சத்தியமங்கலம் வந்து சேர்ந்தவரை இன்னும் கோவைக்கு அனுப்புவதா என்று மனம் தயங்கும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுங்கள், ஆக்சிஜன் வைத்து உட்கார்ந்த நிலையில், துணைக்கு ஆள் போட்டு அனுப்புங்கள்.

மூன்றாம் படி: ஆக்சிஜனைச் சேமிப்பது

நன்றாக ஆக்சிஜன் நிறைத்த ஆரோக்கியமான பெரியவருக்கு மூச்சு நின்ற பிறகு சேச்சுரேஷன் 90க்கு இறங்கச் சுமார் 8 நிமிடம் கிடைக்கும். மிகப் பருமனானவருக்கு 3 நிமிடம்கூடக் கிடைக்காது. நிறைமாதக் கர்ப்பிணிக்கு நுரையீரலில் மிஞ்சும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆக்சிஜன் செலவோ அதிகம். ஒன்றும் நிறைக்காமல் தொடங்கினால் யாருக்கும் ஒரு நிமிடம்தான்.

அதனால் மாஸ்க்கை முகத்தில் அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல், சாதாரண மூச்சில் 3 நிமிடம். அவசரமென்றால் ஒரு நிமிடத்தில் 8 ஆழ்ந்த மூச்சு. மாஸ்க்கை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே பேசும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது, அதை விட வேண்டும். பேக் மூச்சோடு சுருங்கி விரிகிறதா என்று பாருங்கள், வெளிமூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதம் காட்டும் மானிட்டர் இருந்தால் இன்னும் நல்லது. தலைப்பக்கம் 20 முதல் 25 பாகை உயரட்டும். பருமனானவருக்குத் தோளுக்கும் தலைக்கும் கீழே விரிப்புகளை அடுக்கி, காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்குழியும் ஒரே மட்டத்தில் வரும்படி செய்யுங்கள். இதற்குக் காசே ஆகாது, இரண்டு கம்பளி போதும். மூக்கில் ஆக்சிஜன் கேனுலா போட்டு, மயங்கிய பிறகு நிமிடத்துக்கு 15 லிட்டர் வரை ஓட விடுங்கள். நீங்கள் பிளேடோடு போராடும்போதும் அது சத்தமில்லாமல் நேரம் வாங்கித் தரும்.

நான்காம் படி: எண்ணுவது

அகில இந்திய கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2016ல் நம் நாட்டுக்கென்று வழிமுறைகள் வெளியிட்டது. அதில் மனதில் நிற்க வேண்டியவை சில எண்கள்தான். லாரிங்கோஸ்கோப் முயற்சி அதிகபட்சம் மூன்று. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே மாஸ்க்கில் மூச்சு கொடுத்து, சேச்சுரேஷன் 95க்கு மேல் இருந்தால்தான் அடுத்தது. மூன்றும் போகவில்லை என்றால் ஐ-ஜெல் அல்லது புரோசீல் போன்ற இரண்டாம் தலைமுறைக் கருவி, அதிகபட்சம் இரண்டு முயற்சி. அதுவும் இல்லையென்றால் தசை முழுதாகத் தளர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு கை, இரண்டு ஆள் வைத்துக் கடைசியாக ஒருமுறை மாஸ்க். காற்று போகவில்லையா? வாய்விட்டு அறிவித்துவிட்டுக் கழுத்து.

இதில் முக்கியமான சொல் "அதிகபட்சம்". மூன்று முயற்சி உங்கள் உரிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் பார்வையிலேயே ஒன்றும் தெரியவில்லை, மாற்றுவதற்கு வேறு பிளேடும் இல்லை என்றால் இரண்டாவதற்கே போகாமல் ஐ-ஜெல்லுக்குப் போகலாம். ஒவ்வொரு முயற்சியிலும் ஏதாவது ஒன்று மாற வேண்டும்: தலையின் நிலை, பிளேடு, பூஜி, வெளியிலிருந்து குரல்வளையை அழுத்தும் விதம். ஒன்றும் மாறாமல் செய்யும் இரண்டாவது முயற்சி வீக்கத்தையும் ரத்தத்தையும் மட்டும் கூட்டும். நான் அன்று செய்த நான்கும் ஒரே முயற்சிதான்.

டியூப் உள்ளே போய்விட்டது என்று கை சொன்னாலும் கண் கேப்னோவைத்தான் நம்ப வேண்டும். அலை தொடர்ந்து ஏழு மூச்சுக்கு வந்தால் உள்ளே. கோடு தட்டையாக இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கும் வரை அது உணவுக்குழாய்தான். ஸ்டெத்தில் சத்தம் கேட்டது, டியூபில் நீராவி படிந்தது என்பதெல்லாம் பலரை ஏமாற்றியிருக்கிறது. கேப்னோ இல்லாத தியேட்டரில் பொது மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் சொன்னேன், இரண்டு இடங்களில் அடுத்த மாதமே வாங்கி வைத்தார்கள்.

ஐந்தாம் படி: கைவேலை

பூஜியைச் சாதாரண கேஸில் வாரம் இரண்டு முறையாவது பயன்படுத்துங்கள். மூச்சுக்குழாய் வளையங்களில் உரசும் டிக்டிக், ஆழத்தில் முட்டி நிற்கும் தடை இரண்டையும் கை உணர வேண்டும். டியூபைக் கோர்க்கும்போது பிளேடை வெளியே எடுத்துவிடாதீர்கள். டியூப் சிக்கினால் கொஞ்சம் பின்னிழுத்து, கடிகாரத்துக்கு எதிராகக் கால் சுற்று திருப்பினால் இறங்கும். வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் சுலபமான கேஸில் தொடங்குங்கள். அதில் பார்வை சுலபம், டியூபைக் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம். வளைந்த பிளேடுக்கு ஏற்றபடி டியூபுக்குள் இருக்கும் கம்பியான ஸ்டைலெட்டை வளைக்கத் தெரிய வேண்டும், வாய்க்குள் டியூப் நுழையும்போது கண் திரையில் இல்லாமல் வாயில் இருக்க வேண்டும்.

ஃபைபர் ஸ்கோப்புக்கு நம் ஊரிலேயே ஒரு பயிற்சிப் பெட்டி இருக்கிறது. நூல் சுற்றி வரும் காகிதக் கோன்கள் திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியிலும் கிடைக்கும். ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஆறு கோன்களை வெவ்வேறு சாய்வில் ஒட்டி, உள்ளே கடைசியில் எண்கள் எழுதி வையுங்கள். உபயோகித்துக் கழுவி வைத்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்கோப்பை விட்டு எண்களை வாசியுங்கள். நுனியை மேலும் கீழும் கட்டைவிரல், பக்கவாட்டில் மணிக்கட்டு, முன்னும் பின்னும் மற்ற கை. ஸ்கோப் தொய்ந்தால் மணிக்கட்டின் திருப்பல் நுனிக்குப் போகாது, அதனால் எப்போதும் இழுத்துப் பிடித்தே இருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம், இரண்டு வாரம். அதன் பிறகு மயக்கத்தில் இருக்கும் சுலபமான நோயாளி, சீனியர் பக்கத்தில். அதற்குப் பிறகே விழித்திருப்பவர்.

விழித்திருப்பவருக்குச் செய்வதில் ஸ்கோப்பைவிட மரத்துப்போக வைப்பதே பெரிய பாதி. அரை மணி முன்னால் கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி. கொடுத்து எச்சிலை உலர்த்துங்கள், ஈரத்தில் மருந்து ஒட்டாது. மூக்கு வழி என்றால் ரத்தக்குழாய் சுருக்கும் சொட்டு. மரக்க வைக்கும் லிக்னோகேயின் மொத்தக் கணக்கு, கொழுப்பு நீங்கிய எடையில் கிலோவுக்கு 9 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 50 கிலோ என்றால் 450. 4 சதவீத மருந்து 4 மி.லி. நெபுலைஸரில் 160, 10 சதவீத ஸ்ப்ரே பத்து அழுத்தம் 100, ஸ்கோப் வழியாகத் தெளிக்க அதே 4 சதவீதம் 4.5 மி.லி.யில் 180. மொத்தம் 440. இந்தக் கூட்டலைத் தொடங்கும் முன் பலகையில் எழுதுங்கள். சக்ஷன் நுனியால் தொண்டையின் பின்பக்கத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள், குமட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். தூக்க மருந்து மிகக் குறைவாக. பேசினால் பதில் சொல்ல வேண்டும்.

கடைசி மருந்து உங்கள் பேச்சுதான். "ஏனுங்க, தொண்டை கொஞ்சம் கசக்கும், அப்பறம் மரத்துப் போயிரும். நான் பக்கத்துலயே இருக்கறனுங்க, கஷ்டமா இருந்தா கையத் தூக்குங்க, நிறுத்திர்றேன்." சொன்னபடி கை தூக்கும்போது நிறுத்துங்கள். ஒருமுறை நிறுத்திக் காட்டினால் அடுத்த பத்து நிமிடம் அவர் உங்களை நம்பிப் படுத்திருப்பார்.

ஆறாம் படி: கழுத்து, ஆட்டுச் சங்கில்

இங்கிலாந்தில் நாடு முழுவதும் நடத்தி 2011ல் வெளியிட்ட நான்காவது மயக்கவியல் தணிக்கையில், அவசரத்தில் கழுத்தில் ஊசி வழியாகப் போக முயன்றவை பத்தில் ஆறு தோற்றன. அதன் பிறகே பெரியவர்களுக்குக் கத்தி, பூஜி, டியூப் என்ற முறை முதன்மைக்கு வந்தது. 10ம் எண் பிளேடு, ஒரு பூஜி, காற்று ஊதும் கஃப் உள்ள 6 எண் டியூப். மூன்றே பொருள். பொம்மைகளில் 102 மயக்க மருத்துவர்களை வைத்துச் செய்த 2003ம் வருட ஆய்வில், ஐந்தாவது முயற்சிக்குள் பெரும்பாலோர் 40 விநாடியில் முடித்தார்கள். ஐந்து முறை பழக நம்மிடம் பொம்மை வேண்டியதில்லை. கறிக்கடையில் ஆட்டுச் சங்கு, அதாவது ஆட்டின் குரல்வளை, இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலமே சொல்லி வைத்துவிடுவேன். "அண்ணா, நாளைக்கு ரெண்டு ஆட்டுச் சங்கு வேணுமுங்க. சங்கு முழுசா இருக்கோணும், வெட்டுப் படக்கூடாது, கீழ கொழாய் ஒரு சாண் இருக்கட்டும்." முதல் தடவை அவர், "கொளம்புக்குங்களா டாக்டரே?" என்று கேட்டார். படிக்க என்றேன். இப்போது கேட்காமலே கழுவித் தனிப் பையில் கட்டிக் கொடுக்கிறார், காசும் வாங்குவதில்லை.

ஒரு பலகையில் சங்கைக் கிடத்தி இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் கட்டுங்கள். மேலே பனியன் துணியை இரண்டு மடிப்பாக இழுத்துப் போர்த்தினால் தோல். பருமனான கழுத்துக்குத் துணிக்கு அடியில் இரண்டு அங்குலப் பஞ்சு மெத்தைத் துண்டு. ரத்தம் வேண்டுமா? கையுறை விரலில் குங்குமம் கரைத்த தண்ணீரை நிரப்பி முடிந்து துணிக்கு அடியில் வையுங்கள், கத்தி பட்டதும் பீறிடும். முதல் இரண்டு முறை ரத்தமில்லாமல், மூன்றாவதிலிருந்து ரத்தத்தோடு. இதைத் தியேட்டருக்கு வெளியே ஒரு அறையில் செய்யுங்கள். அங்கே பயன்படுத்திய டியூபும் பூஜியும் "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதிய டப்பாவுக்குத்தான் போக வேண்டும்.

வலக்கைப் பழக்கமுள்ளவர் நோயாளியின் இடப்பக்கம் நிற்க வேண்டும். இடக்கையால் குரல்வளையை இரண்டு பக்கமும் பற்றி லேசாக ஆட்டி, நடுக்கோட்டைக் கண்டுபிடித்து, சுட்டுவிரல் பள்ளத்துக்கு வரட்டும். பிடியை விடாதீர்கள். கத்தியைக் குறுக்காக, கூர்ப்பக்கம் உங்களை நோக்கி, தோலும் சவ்வும் ஒரே குத்தில் இறங்கும்படி செலுத்துங்கள். சவ்வு விடும்போது "பொக்" என்று ஒரு விடுதலை கையில் தெரியும், அந்த உணர்ச்சிக்காகத்தான் ஆட்டுச் சங்கு. உள்ளே இருக்கும் கத்தியை வெளியே எடுக்காமல் கூர்ப்பக்கம் கால் திசைக்கு வரும்படி கால் சுற்று திருப்புங்கள். இப்போது கத்தியை இடக்கைக்கு மாற்றி உங்கள் பக்கமாக மெல்ல இழுத்தால் ஒரு வாசல் திறக்கும். அதன் வழியாகக் கத்தியை ஒட்டியே பூஜியின் வளைந்த நுனியை 10 முதல் 15 செ.மீ. உள்ளே. கத்தி வெளியே. ஜெல் தடவிய டியூபைத் திருகியபடியே பூஜியின் மேல் இறக்கி, கஃப் உள்ளே மறைந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் ஒரு நுரையீரலுக்குப் போய்விடும். பூஜியை உருவி, கஃப் ஊதி, கேப்னோ. சின்ன ஆடென்றால் 6 எண் இறுக்கும், பழகுவதற்கு 5 போதும்.

சவ்வு தட்டுப்படாத கழுத்தில் முறை வேறு. நடுக்கோட்டில் நெட்டாக 8 முதல் 10 செ.மீ. கீறி, இரண்டு கை விரல்களால் கொழுப்பை விலக்கிக் குரல்வளையைத் தொட்டுக் கண்டுபிடித்து, பிறகு மேலே சொன்னது போலவே. ரத்தம் குளமாக நிற்கும், கண் உதவாது, விரல்தான் கண். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கத்தி முறையை அப்படியே கொண்டு போகாதீர்கள், சவ்வு மிகச் சிறியது. அவர்களுக்கான பயிற்சியைக் குழந்தைகள் மயக்கவியலில் இருப்பவரிடம் தனியாகப் பெறுங்கள்.

என்னிடம் பழக வருபவர்களில் முதல் குத்தில் தயங்காதவர் யாரும் இல்லை. பாடத்தில் பரிசு வாங்கியவருக்கும் கை நடுங்கும். ஆட்டுச் சங்கில் நடுங்கித் தீர்ந்த கை நோயாளியின் கழுத்தில் நேரம் கடத்தாது.

ஏழாம் படி: பக்கத்தில் நிற்பவர்கள்

2005ல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண் சாதாரண சைனஸ் அறுவைக்கு மயக்கம் கொடுக்கப்பட்டபோது மூச்சுப்பாதை கிடைக்காமல் போனது. அனுபவமுள்ள மூன்று மருத்துவர்கள் அறையில் இருந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்தில் மூச்சுத் துளை போடும் ட்ரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டு வந்து, வந்துவிட்டது என்று சொல்லவும் செய்தார். அது யாருடைய கவனத்திலும் ஏறவில்லை, டியூப் முயற்சி தொடர்ந்தது. எலைன் சில நாட்களில் இறந்தார். கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமான அறையில் உதவி விமானி வாய் திறக்கக் கற்றுக்கொடுப்பது போல அறுவை அறையிலும் வேண்டும் என்று அவர் எடுத்த முயற்சியால் பல நாடுகளில் மயக்கப் பயிற்சி மாறியது.

நம் தியேட்டரில் இது இன்னும் கஷ்டம். டாக்டருக்கு எதிரே நின்று "போதும்" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்றுதான் நம் சிஸ்டர்களும் டெக்னீஷியன்களும் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைத் தைரியமாக இருக்கச் சொல்லிப் பயனில்லை, அவர்கள் வாயில் வைக்கச் சொற்களை நாம்தான் கொடுக்க வேண்டும். என் தியேட்டர்களில் முடிவு செய்து வைத்திருப்பது இது. ஒவ்வொரு முயற்சி முடிந்ததும் சிஸ்டர் எண்ணுவார்: "ஒண்ணு ஆச்சுங்க டாக்டர்." சேச்சுரேஷன் 95க்குக் கீழே போனால் டெக்னீஷியன் எண்ணை மட்டும் உரக்கச் சொல்வார்: "தொண்ணூத்தி நாலு." "மூணு ஆச்சுங்க டாக்டர்" என்றதும் ஐ-ஜெல் என் கையில் இருக்கும். நான் கேட்க வேண்டியதில்லை. இது அவருடைய கடமை, அனுமதி கேட்கும் விஷயமில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கேஸுக்கும் முன்னால் அரை நிமிடத்தில் என் திட்டத்தையும் வாய்விட்டுச் சொல்வேன்: முதலில் இது, போகவில்லை என்றால் இது, அதுவும் இல்லை என்றால் கழுத்து, கத்தி இந்த டிராயரில். சர்ஜனும் கேட்கட்டும்.

மாதம் ஒருமுறை இதை நடித்துப் பாருங்கள். தலையணை நோயாளி, மானிட்டருக்குப் பதில் ஒருவர் எண்களைப் படிக்கட்டும். ஒருநாள் வேண்டுமென்றே நான்காவது முயற்சிக்குக் கை நீட்டுங்கள். யார் தடுக்கிறார் என்று பாருங்கள், தடுத்தவருக்கு அங்கேயே நன்றி சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் யாரும் தடுக்க மாட்டார்கள்.

டிராலி பற்றிச் சுருக்கமாக. திட்டத்தின் வரிசையில் டிராயர்கள் இருக்கட்டும்: மேலே மாஸ்க், ஏர்வே; அடுத்து பிளேடுகள், பூஜி, டியூப்கள்; மூன்றாவதில் ஐ-ஜெல் 3, 4, 5; கடைசியில் கத்தி, பூஜி, 6 எண் டியூப் மூன்றும் ஒரே பையில் சேர்த்துக் கட்டியது. பூட்டக் கூடாது. பல இடங்களுக்குப் போகிறவர்கள் கடைசிப் பையை மட்டும் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என் காரில் ஒரு டிபன் டப்பாவில் இருக்கிறது.

எட்டாம் படி: எடுப்பதும் எழுதித் தருவதும்

கஷ்டப்பட்டுப் போட்ட டியூபை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். முழுதாக விழித்து, தலையைத் தூக்கி, சொன்னதைச் செய்ய வேண்டும். பல முயற்சியால் தொண்டை வீங்கியிருக்கலாம், கஃப்பின் காற்றை இறக்கினால் பக்கத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஐ.சி.யு.வில் காலை வரை டியூபோடு இருக்கட்டும். பகலில், ஆட்கள் இருக்கும்போது, அதே டிராலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

பிறகு ஒரு சீட்டு. அந்த விசைத்தறித் தொழிலாளிக்கு நான் எழுதித் தரவில்லை. அடுத்த முறை அவருக்கு ஹெர்னியாவோ கால் முறிவோ வந்து வேறு ஊரில் படுத்திருந்தால், அங்கே இருக்கும் மயக்க மருத்துவரும் என்னைப் போலவே ஸ்பைனல்தானே என்று நினைத்திருப்பார். இப்போது எழுதுவது இப்படி, தமிழிலும் ஆங்கிலத்திலும்:

"இவருக்கு மயக்கத்தில் சுவாசக் குழாய் பொருத்துவது கடினமாக இருந்தது. காரணம்: வாய் இரண்டு விரல் மட்டுமே திறக்கிறது. மாஸ்க்கில் மூச்சு கொடுக்க முடிந்தது. சாதாரண லாரிங்கோஸ்கோப் பயன்படவில்லை. 4ம் எண் ஐ-ஜெல் பயன்பட்டது. அடுத்த முறை விழித்திருக்கும்போதே ஸ்கோப் வழியாகச் செய்யவும். எந்த அறுவைக்கும் முன் இந்தச் சீட்டை மயக்க மருத்துவரிடம் காட்டவும்."

தேதி, மருத்துவமனை, கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை லேமினேட் செய்து நோயாளியிடம் கொடுங்கள். வீட்டில் ரேஷன் கார்டு வைக்கும் பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் மகளையோ மகனையோ கூப்பிட்டு, போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒருமுறை வாசித்தும் காட்டுங்கள்.